வில் செய்யப் பழகுவோம்

சனக மன்னனின் அவையில் வில்லை முறித்த இராமனுக்குச் சீதை கிடைத்தாள். நான் வில்லை முறித்தபோது எனக்குக் கிடைத்தது என் தாத்தாவின் நீண்ட மௌனம் ஒன்றுதான். கோடை விடுமுறையில் மூன்று வாரம் பாடுபட்டு இழைத்த வில் அது. முதன்முறையாக நாணை முழுவதும் இழுத்தேன். 'படீர்' என்ற ஓசையுடன் இரண்டு துண்டாயிற்று. அது ஏன் முறிந்தது என்று அறிந்த பிறகே வில் என்றால் என்ன என்பது எனக்கு விளங்கியது. ஆகவே, தோழியரே, வில் செய்யும் முறையை அந்த முறிவிலிருந்தே தொடங்குகிறேன்.

வில்லுக்கு முதுகும் வயிறும் உண்டு. நாம் எய்யும்போது இலக்கை நோக்கி இருப்பது முதுகு; நம்மை நோக்கி இருப்பது வயிறு. நாணை இழுத்தால் முதுகு நீட்சியடைகிறது, வயிறு நெருக்கப்படுகிறது. ஒரு முருங்கைக் குச்சியை மெல்ல வளைத்துப் பாருங்கள். முதலில் வெடிப்பது வெளிப்பக்கந்தான். மரம் என்பது நீளவாக்கில் ஓடும் நார்களின் கட்டு. முதுகில் அந்த நார்கள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அறுபடாமல் ஓடினால் வில் தாங்கும். நானோ, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று இழைப்புளியால் முதுகை மழமழவென்று இழைத்துவிட்டேன். நார்கள் அறுந்தன. அறுந்த இடத்தில் பிளவு எழுந்து, நொடியில் வில் போயிற்று. முதுகைத் தொடாதே, வயிற்றில் மட்டும் மரத்தை எடு என்பதே இக்கலையின் முதல் விதி. அதை நான் வில் முறிந்த பிறகு கற்றேன்.

எந்த மரம் ஏற்றது? ஐரோப்பியர் 'யூ' மரத்தைப் போற்றினர். அதன் வெளிமரம் நீட்சியைத் தாங்கும், உள்மரம் நெருக்கத்தைத் தாங்கும். இயற்கையே இரண்டையும் ஒட்டிக் கொடுத்தது போன்ற மரம். 1545-இல் மூழ்கிய 'மேரி ரோஸ்' என்ற ஆங்கிலப் போர்க்கப்பலிலிருந்து நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட யூ மர விற்கள் கிடைத்துள்ளன. ஜார்க்கண்டின் பழங்குடி மக்கள் மூங்கிலில் வில் செய்கின்றனர். ராஞ்சிக்கு அருகே ராட்டு சட்டி என்ற ஊரில், ஆட்டோ ஓட்டுநரின் மகளான தீபிகா குமாரி சிறு வயதில் பழகியதும் வீட்டிலேயே செய்த மூங்கில் வில்லில்தான். அவரே 2012-இல் உலகின் முதல்நிலை வீராங்கனையானார். நம் மலைக்காடுகளில் சடச்சி என்றொரு மரம் உண்டு. வளைந்து கொடுக்கும் தன்மையுள்ளதால் கருவிகளின் பிடிக்கும் வண்டிக்கும் உதவுவது. வடமொழியில் அதனைத் 'தன்வனம்' என்பர். 'தன்வன்' என்றால் வில்!

எங்கள் வீட்டில் மாட்டு வண்டி போய்ப் பல ஆண்டுகள் ஆகியும் அதன் ஏர்க்கால் மட்டும் கொட்டகையின் பரணில் கிடந்தது. தாத்தா தச்சர். அது சடச்சி மரம் என்று கண்டு, ஐந்தரை அடி நீளம் வெட்டி, வாளால் அறுக்காமல் ஆப்படித்து இரண்டாகப் பிளந்தார். வாள் தன் வழியில் போகும், பிளவு நாரின் வழியில் போகும் என்பது அவர் சொன்ன காரணம். ஒரு பாதியைத்தான் நான் முறித்தேன். மீதமிருந்தது மறு பாதி ஒன்றே. மரம் வாங்கக் கடைக்குப் போகலாம். ஆனால் அது அவருடைய தந்தையார் ஓட்டிய வண்டியின் மரம். அதைக் கையில் எடுக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

நிற்க. இனி அளவுகளைப் பார்ப்போம். நாணை இழுக்கும் தூரத்தைப்போல் இரு மடங்குக்கும் சற்று அதிகமாக வில்லின் நீளம் இருக்க வேண்டும். எனக்கு இழுப்பு 26 அங்குலம். வில் 66 அங்குலம். நடுவே எட்டு அங்குலம் வளையாத கைப்பிடிப் பகுதி. அதன் இருபுறமும் வில்லின் இரு கைகள். அவை கைப்பிடியை அடுத்து ஒன்றே முக்கால் அங்குல அகலம். பாதி தூரம் அப்படியே சென்று, பின் முனையில் அரை அங்குலமாகக் குறுகும். தொடக்கத்தில் கனம் முக்கால் அங்குலம் இருக்கட்டும்.

புதிதாகச் செய்பவர் வில்லை ஏன் அகலமாக வைக்க வேண்டும்? அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாகும். கனத்தைப் பாதியாக்கினாலோ விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும், ஏனெனில் அது கனத்தின் முப்படியைப் பொறுத்தது. கனத்தில் பத்து விழுக்காடு சுரண்டினால் விறைப்பில் 27 விழுக்காடு போய்விடும். அகலமான கையில் சுமை பரவுவதால் மரம் நம் பிழைகளைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். டென்மார்க்கில் ஹோல்மகார்ட் என்னும் சதுப்பு நிலத்தில் 1944-இல் கிடைத்த எல்ம் மர விற்கள் ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுப் பழமையானவை. அவற்றின் கைகளும் அகலமாய், தட்டையாய் உள்ளன. முப்படிக் கணக்கை அக்காலத்து மனிதர் எந்தப் பள்ளியில் படித்தாரோ!

உருவம் வந்தபின் வளைக்கப் பழக்க வேண்டும். வேலையில் முக்கால் பங்கு இதுதான். ஒரு பலகையைச் சுவரில் நட்டு, அதன் தலையில் வில்லின் கைப்பிடியை வைத்து, தளர்ந்த கயிறொன்றைக் கட்டிக் கீழ்நோக்கி இழுத்து, பலகையில் அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டிய பள்ளங்களில் மாட்ட வேண்டும். பிறகு ஆறடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். இரு கைகளும் ஒரே மாதிரி வளைகின்றனவா? வளையாத இடத்தைப் பென்சிலால் குறித்து, வயிற்றுப் பக்கம் மட்டும் சுரண்ட வேண்டும். முதலில் அரம், பிறகு தச்சர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் உடைந்த கண்ணாடிச் சில். ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் முப்பது தடவை மெல்ல இழுத்துவிட்டால்தான் மரம் தன் புதிய வளைவைக் காட்டும். உடனே பார்த்தால் அது பொய் சொல்லும்.

ஓரிடம் மட்டும் அதிகமாக வளைந்தால் அங்கே மூட்டு விழுந்ததென்று பொருள். அவ்விடத்துக்கு மரத்தைத் திருப்பிக் கொடுக்க யாராலும் இயலாது. அதைத் தொடாமல் விட்டு, மற்ற இடங்களையெல்லாம் அதற்கேற்ப மெலியச் செய்வது ஒன்றே வழி. அதனால் வில்லின் வலிமை குறையும். நான் 11 கிலோ இழுவிசைக்குத் திட்டமிட்டேன். மேற்கையில் ஒரு மூட்டு விழுந்தது. அதைச் சரிசெய்து முடித்தபோது, பழைய தாள் வாங்குபவரின் கொக்கித் தராசு 9 கிலோ காட்டியது. இரண்டு கிலோ என் அவசரத்தின் விலை. குறித்த விசைக்கு மேல் ஒருபோதும் இழுக்கலாகாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முனைகளில் நாண் மாட்டும் வெட்டுக்குப் பழந்தமிழில் 'குதை' என்று பெயர். கொடியில் வில் பொறித்த சேரரின் மொழியில் இதற்குச் சொல் இல்லாமலா போகும்! உருண்டை அரத்தால் சாய்வாக வெட்டி, முதுகில் படாமல் பக்கங்களோடு நிறுத்த வேண்டும். நாணுக்குப் பாலியெஸ்டர் நூலைப் பல புரியாக முறுக்கி மெழுகு தடவினேன். மெழுகு, நம் சிற்றாலயத்து மெழுகுதிரி மிச்சம். சகோதரியிடம் கேட்டே வாங்கினேன் என்பதைப் பெற்றோர் அறிவார்களாக. "வில்லாளரின் பாதுகாவலர் புனித செபஸ்தியார். அவரோ அம்பு எய்தவரல்லர், அம்பு பட்டவர். நீ அதை மறந்துவிடாதே" என்று சொல்லித்தான் கொடுத்தார். அம்புகள் தைத்த செபஸ்தியாருக்கு மருந்திட்டுப் பிழைக்க வைத்தவர் ஐரீன் என்ற பெண்மணி என்பதையும் அவரே கூறினார்.

ஆளை நோக்கி வில்லை உயர்த்தலாகாது. அம்பில்லாமல் நாணை விடவும் கூடாது. அம்பு ஏற்க வேண்டிய விசை முழுவதும் மரத்துக்கே திரும்பி அதைச் சிதைத்துவிடும். எய்து முடிந்ததும் நாணைக் கழற்றிவிட வேண்டும்.

உப்புத்தாள் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் இரண்டு முறை பூசிக் காய்ந்தபின் வில்லைத் தாத்தாவிடம் கொடுத்தேன். அவர் பலகையில் மாட்டி இழுக்கச் சொல்லி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கீழ்க்கை இன்னும் கொஞ்சம் விறைப்பா இருக்கும்மா" என்றார். சில்லை எடுத்தேன். "வேண்டாம், விடு" என்று தடுத்துவிட்டார். பிடிக்கும் கை நடுவுக்குச் சற்றுக் கீழே அமைவதால் கீழ்க்கையில் சுமை கூடும். அதற்காக வில் செய்வோர் பலர் அதைச் சிறிது விறைப்பாகவே விடுகிறார்கள் என்று பின்னர் ஒரு நூலில் படித்தேன். அவர் தம் வாழ்நாளில் ஒரு வில்லும் செய்ததில்லை.