தலை கனத்த கப்பல்கள்

தோணிபுரம் என்பது நமது சீர்காழிக்கு வழங்கும் பன்னிரு பெயர்களுள் ஒன்று. பிரளய காலத்தில் அறுபத்து நான்கு கலைகளையும் ஏற்றிக்கொண்டு இறைவன் செலுத்தி வந்த தோணி இங்கேதான் கரை சேர்ந்ததென்பது ஸ்தல புராணம். மிதந்த தோணியின் பெயர் தாங்கிய ஊரிலிருந்து, கவிழ்ந்த கப்பல் ஒன்றின் சரித்திரத்தை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1930-ஆம் வருஷம் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் முதலிய வல்லரசுகள் லண்டனில் கூடி, யுத்தக் கப்பல்கள் யாருக்கு எவ்வளவு என்று ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 600 டன்னுக்கு உட்பட்ட கப்பல்கள் மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை. தமக்குக் கிடைத்த பங்கு போதாதென்று மனம் புழுங்கிய ஜப்பானியக் கடற்படையார் இந்த இடுக்கைக் கண்டுகொண்டனர். 535 டன் அளவில் டார்ப்பிடோ படகுகளை வகுத்து, அவற்றில் 12.7 சென்டிமீட்டர் பீரங்கிகள் மூன்றையும் டார்ப்பிடோக் குழாய்கள் நான்கையும் ஏற்றினர். பீரங்கிகளோ பெரிய நாசகாரிக் கப்பல்களுக்கு உரியவை! சிடோரி, மனஸுரு, டொமொஸுரு, ஹட்ஸுகரி என்று நான்கு படகுகளுக்கும் பறவைகளின் பெயரை இட்டனர்.

அறுவடைக் காலத்தில் வைக்கோற் பாரம் ஏற்றிய வண்டியை நம்மவர் அறிவார்கள். பாரம் உயர உயர, சிறு மேட்டில் சக்கரம் ஏறினாலும் வண்டி சாயும். கப்பலுக்கும் அதுவே நியாயம். கனம் அடியில் இருந்தால், அலை சாய்த்தாலும் உடல் நிமிர்ந்துவிடும். மேலே ஏறிவிட்டால், ஓர் எல்லைக்குமேல் சாய்ந்த கப்பல் நிமிரவே நிமிராது. முதற்படகான சிடோரி வெள்ளோட்டத்தின்போதே, வேகமாய்த் திரும்புகையில் அளவுக்கு மீறிச் சாய்ந்தது. அந்த எச்சரிக்கைக்கு அவர்கள் செய்த பரிகாரம், உடலின் இரு பக்கங்களையும் சற்றுப் புடைக்க வைத்ததே. மேலிருந்த பாரத்தைக் குறைக்க மனம் வரவில்லை.

1934-ஆம் வருஷம் மார்ச்சு 12-ந் தேதி விடியற்காலை. ஸஸெபோ துறைமுகத்துக்கு வெளியே இரவுப் பயிற்சி முடிந்து, கொந்தளிக்கும் கடலில் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. டொமொஸுரு கடற்படையில் சேர்ந்து மூன்று வாரங்கூட ஆகவில்லை. அது கவிழ்ந்தது. அதிலிருந்த 113 பேரில் பிழைத்தவர் 13 பேரே. தலைகீழாய் மிதந்த உடலைத் துறைமுகத்துக்கு இழுத்து வந்தனர்.

விசாரணை நடந்தது. கப்பலை வகுத்த புஜிமோட்டோ கிகுவோ பதவியிலிருந்து விலக்கப்பட்டார்; மறு வருஷம் ஜனவரியில் காலமானார். ஆனால் சிறு உடலில் பெரும் பலம் வேண்டுமென்று கேட்டவர்கள் கடற்படைத் தலைவர்கள் அல்லவா? பழியில் அவர்களுக்கும் பங்கு உண்டென்பதே நமது துணிபு.

பிறகு இலேசான பீரங்கிகளை வைத்தனர். டார்ப்பிடோக் குழாய்களில் பாதியை எடுத்தனர். மேற்கட்டைத் தாழ்த்தி, அடியில் நிறை சேர்த்தனர். வேகம் 30 நாட்டிலிருந்து 28 ஆகக் குறைந்தது. இருபது கட்ட எண்ணியிருந்த வகை நான்கோடு நின்றது. டொமொஸுருவும் செப்பனிடப்பட்டு மீண்டும் கடலுக்குச் சென்றது. பின்வந்த மகாயுத்தத்தில் மூன்று படகுகள் பகைவரால் மூழ்கின. ஹட்ஸுகரி ஒன்றே எஞ்சியது. ஆனால் திருத்தப்பட்ட பின் அவற்றில் ஒன்றேனும் அலையால் கவிழவில்லை.

உடன்படிக்கையின் எழுத்தை ஏமாற்றலாம். கடலை ஏமாற்ற இயலாது. நமது தேசமும் இன்று தன் கப்பல்களைத் தானே வகுத்துக் கட்டுகிறது. வெள்ளோட்டத்தில் ஒரு படகு சாயும்போது, "பாரத்தை இறக்குங்கள்" என்று சொல்லத் துணியும் சிற்பிகளும், அதைக் கேட்கும் பொறுமையுள்ள தலைவர்களும் நமக்கு வேண்டும்.