கொழுப்பும் பசியும்

கொழுப்பு என்னும் சொல்லை நம் மொழி இருபொருளில் வழங்குகிறது. உடலில் திரளும் நிணமும் கொழுப்பு. உள்ளத்தில் ஏறும் செருக்கும் கொழுப்பு. அடங்காத பிள்ளையை, "கொழுப்புக் கூடிவிட்டது" என்று இங்கே சுருவிலிலும் ஏசுவர். இரண்டையும் ஒரு சொல்லாற் கட்டியதனாலோ என்னவோ, பருத்தவரைக் கண்டதும் வாயைக் கட்டத் தெரியாதவர் எனத் தீர்ப்பளித்துவிடுகிறோம். வகுப்பறையில் பருத்த மாணாக்கர் படும் ஏளனத்தை ஆசிரியராகிய நாம் அறிவோம். அத்தீர்ப்பு முறையானதுதானா என்று, அண்மையில் வந்துள்ள ஊசிமருந்துகள் நம்மை எண்ணச் செய்கின்றன.

அவை இருவகையின. ஒன்று கொழுப்பை நேரே அழிப்பது. பித்தநீரில் இயல்பாயுள்ள டியொக்சிகோலிக் அமிலத்தை மோவாயின் கீழ்த் திரண்ட கொழுப்பினுட் செலுத்தினால், அது கொழுப்புக் கலங்களின் மென்சவ்வைச் சிதைக்கும். 2015ஆம் ஆண்டில் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் அளித்தது. இது தோற்றத்தைத் திருத்துமேயன்றி உடற்பருமனுக்கு மருந்தாகாது.

மற்றையது செமாகுளுடைட். உண்டபின் குடலிற் சுரக்கும் ஜிஎல்பி-1 என்னும் ஓமோனைப் போன்றது. இயற்கை ஓமோன் சில நிமிடங்களில் அழியும். இம்மருந்தோ வாரம் ஒருமுறை ஏற்றினாற் போதும். மூளைக்கு நிறைவை உணர்த்தி, இரைப்பை வெறுமையாவதையும் தாமதிக்கும். ஆகவே, இது கொழுப்பைக் கரைப்பதன்று, பசியைத் தணிப்பது. உணவு குறையவே, சேமித்த கொழுப்பை உடல் செலவிடுகிறது. இந்தியாவில் உடற்பருமனுக்கென இது 2025இல் விற்பனைக்கு வந்தது.

2021இல் வெளியான ஆய்வொன்றில், மருந்து பெற்றோருக்கும் மருந்தில்லா ஊசி பெற்றோருக்கும் உணவு, உடற்பயிற்சி பற்றிய அறிவுரை ஒருங்கே வழங்கப்பட்டது. 68 வாரங்களின் பின் முன்னையோரின் நிறை சராசரியாக 14.9 வீதமும், பின்னையோரின் நிறை 2.4 வீதமும் குறைந்தன. அறிவுரை ஒன்றே, வேறுபட்டது பசி. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் அளவறிந்து உண்ணுதலை வற்புறுத்துகிறது. அவ்வறம் என்றும் உரியதே. ஆயின், போதுமென உடல் உணர்த்தும் அளவு எல்லார்க்கும் ஒன்றன்று என்பதையும் நாம் உணர்தல் வேண்டும்.

இதனை எளிய வழியென்று எவரும் கொள்ளற்க. குமட்டலும் வாந்தியும் பலர்க்கு உண்டாகும். கணையம் அழலுதலும் அரிதாக நேரும். மருந்தை நிறுத்தியோர் இழந்த நிறையில் மூன்றில் இருபங்கை ஓராண்டினுள் மீளப் பெற்றனர் என்பது அவ்வாய்வின் தொடர்ச்சி. அழகு கருதி வைத்தியரை நாடாது ஏற்றிக்கொள்வது தகாது.

கொழுப்பென்னும் சொல்லின் இருபொருளும் மொழியில் நிலைக்கட்டும். ஆனால், ஒரு பிள்ளையின் உடலைக் கண்டு அதன் உள்ளத்துக்குக் குற்றம் கூறும் வழக்கம் நம் பள்ளிகளிலிருந்தேனும் ஒழிதல் வேண்டும்.