'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம்: 196 ஆட்டங்களும் ஆடாத ஒலிம்பிக்கும்

(விளையாட்டுத் துறையில் நம்மவர்களின் பங்கு பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்க உரையின் சுருக்கம்)

காற்பந்து ஆட்டம் முடிந்ததும் நாம் முதலில் கேட்பது, "கோல் போட்டது யார்?" என்றுதான். தடுத்தது யார் என்று கேட்பவர் குறைவு. கோல் காவலர் பத்துப் பந்துகளைப் பிடித்திருந்தாலும், நழுவவிட்ட ஒரு பந்துதான் மறுநாள் காப்பிக் கடைப் பேச்சு. அப்படிப்பட்ட இடத்தில் பதின்மூன்று ஆண்டுகள் நாட்டுக்காக நின்றவர் ஆர். ஆறுமுகம்.

1953 ஜனவரி 31-ஆம் தேதி பிறந்த இவர், 1973 முதல் 1986 வரை தேசிய அணியில் ஆடினார். 196 அனைத்துலக ஆட்டங்கள் இவர் பெயரில் பதிவாகியுள்ளன. உள்நாட்டில் சிலாங்கூர் அணியின் கோல் காவலர். நீண்ட கைகளால் இவருக்குக் கிடைத்த பட்டம் 'ஸ்பைடர்மேன்'.

24 அடி வாசல்

கோல் கம்பங்களுக்கு இடையே 24 அடி அகலம். உயரம் 8 அடி. நடுவில் நிற்பவருக்கு இரு பக்கமும் 12 அடி காவல். எவ்வளவு நீளமான கையும் நின்ற இடத்திலிருந்து அந்த மூலையை எட்டாது. ஆகவே நல்ல காவலர் பந்து புறப்படும் முன்பே வேலையைத் தொடங்கிவிடுவார். தாக்குபவரை நோக்கி இரண்டடி முன்னே வந்தால், அவர் கண்ணுக்குத் தெரியும் கோல் இடைவெளி குறைந்துவிடும். எப்போது முன்னேறுவது, எப்போது நின்றுகொள்வது என்ற கணிப்புதான் இந்தத் தொழிலின் உயிர். நீண்ட கை இயற்கை தந்த வரம். கணிப்பு பயிற்சியால் வருவது.

அந்தத் தலைமுறை அணி 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வட கொரியாவை வென்று வெண்கலம் பெற்றது. 1977, 1979 சீ விளையாட்டுகளில் தங்கம் வென்றது. மொக்தார் டஹாரி முன்னே கோல் போட, சோ சின் ஆன், சந்தோக் சிங் தற்காப்பில் நிற்க, கடைசி அரணாக நின்றவர் ஆறுமுகம்.

கைக்கு எட்டிய மாஸ்கோ

1980-இல் கோலாலம்பூரில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று நடந்தது. ஆறு நாடுகள் மோதின. ஏப்ரல் 6-ஆம் தேதி மெர்டேக்கா அரங்கில் நடந்த முடிவாட்டத்தில் மலேசியா 2-1 என்று தென் கொரியாவை வீழ்த்தியது. வெற்றி கோலைப் போட்டவர் ஜேம்ஸ் வோங். மாஸ்கோ செல்லும் தகுதி கிடைத்தது.

ஆனால், சோவியத் படைகள் 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியாவும் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. நம் இடத்தில் ஈராக் ஆடியது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா ஆடியபோது ஆறுமுகம் தேசிய அணிக்கு வரவில்லை. மாஸ்கோவுக்குத் தகுதி பெற்றபோது போக முடியவில்லை. இன்றுவரை நம் காற்பந்து அணி மீண்டும் ஒலிம்பிக் திடலை மிதித்ததில்லை.

1988 டிசம்பர் 18-ஆம் தேதி சாலை விபத்தில் ஆறுமுகம் காலமானார். வயது 35தான்.

இளையோருக்கு

அந்த அணியின் கதையைக் கற்பனை கலந்து சொன்ன 'ஓலா போலா' படம் 2016-இல் வெளிவந்தது. அதில் வரும் கோல் காவலர் முத்துவைப் பல பிள்ளைகளுக்குத் தெரியும். ஆறுமுகத்தைத் தெரியுமா என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளித் திடலில் ஓட முடியாத பையனைத்தான் நாம் கோலுக்குள் நிறுத்துகிறோம். கூர்ந்து பார்ப்பவன், பதறாதவன், விழுந்தாலும் உடனே எழுபவன் எவனோ அவனை அங்கே நிறுத்துங்கள். அவனுக்குத் தனிப் பயிற்சி கொடுங்கள். அவன் தடுத்த பந்துகளையும் எண்ணிச் சொல்லுங்கள். ஆறுமுகத்துக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.