ஓஃப்-லைசன்ஸ் (இங்கிலாந்து, வேல்ஸ்)

ஓஃப்-லைசன்ஸ் என்பது, வாங்குவோர் வெளியே கொண்டுசென்று அருந்துவதற்காக மதுபானங்களை விற்கும் கடைகளுக்கு ஐக்கிய இராச்சியத்தில் வழங்கப்பட்டுவந்த உரிமம் ஆகும். நாளடைவில் அவ்வுரிமம் பெற்ற கடையும் அதே பெயரால் அழைக்கப்படலாயிற்று. விற்குமிடத்திலேயே அருந்த வசதியுள்ள பப் எனப்படும் மதுச்சாலைகளிலிருந்து இது வேறுபட்டது. இலண்டன் போன்ற நகரங்களில் இலங்கைத் தமிழர் உள்ளிட்ட தெற்காசியக் குடியேறிகள் பலர் இத்தகைய கடைகளை நடத்துகின்றனர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இவற்றுக்கான உரிமத்தை அந்தந்தப் பகுதி உள்ளூராட்சி மன்றமே வழங்குகின்றது.

வரலாறு

ஏல், பியர் ஆகியவற்றை விற்கும் சாலைகள் நீதவான்களிடம் உரிமம் பெறவேண்டும் என 1552ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1860ஆம் ஆண்டுச் சட்டம், வெளியே கொண்டுசெல்வதற்காக வைன் விற்கும் வாய்ப்பைக் கடைக்காரர்களுக்கு அளித்தது. நீதவான்களின் கையில் இருந்த உரிமம் வழங்கும் அதிகாரம், 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டத்தால் உள்ளூராட்சி மன்றங்களுக்கு மாற்றப்பட்டது. இது 2005 நவம்பர் 24 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் ஓஃப்-லைசன்ஸ் எனும் தனி உரிமம் இல்லை. வளாக உரிமம் என்னும் ஒரே உரிமத்தில், விற்பனை உள்ளே அருந்துவதற்கா, வெளியே அருந்துவதற்கா, இரண்டுக்குமா என்பது குறிக்கப்படுகின்றது. பழைய பெயர் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்டது.

உரிமம் பெறும் முறை

விண்ணப்பதாரர் கடையின் வரைபடம், விற்பனை நேரங்கள், பாதுகாப்பு ஏற்பாடுகள் ஆகியவற்றை மன்றத்திடம் அளிக்கவேண்டும். கட்டிடத்தின் வரி மதிப்பைப் பொறுத்து விண்ணப்பக் கட்டணம் பொதுவாக 100 முதல் 635 பவுண் வரை ஆகும். வெளிர்நீல நிற அறிவித்தல் ஒன்றைக் கடை வாயிலில் 28 நாட்கள் ஒட்டிவைப்பதுடன், உள்ளூர்ச் செய்தித்தாளிலும் விளம்பரம் செய்யவேண்டும். மது விற்பனைக்குத் தனியாள் உரிமம் பெற்ற ஒருவர் மேற்பார்வையாளராகக் குறிக்கப்படவேண்டும்.

இந்த 28 நாட்களுக்குள் காவல்துறை, தீயணைப்புத் துறை முதலிய பொறுப்பு அமைப்புகளோ பொதுமக்களோ எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு பின்வரும் நான்கு நோக்கங்களில் ஒன்றையேனும் சார்ந்திருக்கவேண்டும்:

1. குற்றங்களையும் ஒழுங்கீனத்தையும் தடுத்தல்
2. பொதுமக்களின் பாதுகாப்பு
3. பொதுத் தொல்லையைத் தடுத்தல்
4. சிறுவர்களைத் தீங்கிலிருந்து காத்தல்

உரிய எதிர்ப்பு எதுவும் வராவிடின், முறைப்படி அமைந்த விண்ணப்பத்துக்கு மன்றம் உரிமம் வழங்கியே ஆகவேண்டும். எதிர்ப்பு வந்து இணக்கம் ஏற்படாவிடின், மூன்று உறுப்பினர் கொண்ட துணைக்குழு இருதரப்பையும் விசாரித்து முடிவெடுக்கும். அதன்மீது 21 நாட்களுக்குள் நீதவான் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். எனவே அயலவர் வாயிலில் உள்ள அறிவித்தலைக் கவனியாது விட்டால், தம் கருத்தைச் சொல்லும் முதன்மையான வாய்ப்பை இழக்கின்றனர். எனினும், வழங்கப்பட்ட உரிமத்தை மீளாய்வு செய்யுமாறு பின்னர் கோரமுடியும். மீளாய்வின் முடிவில் உரிமம் திருத்தப்படலாம், இடைநிறுத்தப்படலாம் அல்லது நீக்கப்படலாம்.

கட்டாய நிபந்தனைகள்

18 வயதுக்குக் குறைந்தோருக்கு மது விற்பது குற்றமாகும். ஒரே கடையில் தொடர்ச்சியான மூன்று மாதங்களுக்குள் இருமுறை இவ்வாறு நிகழ்ந்தால், உரிமம் வைத்திருப்பவர்மீது தனிக் குற்றச்சாட்டுச் சுமத்தலாம். 2014 மே மாதம் முதல், மதுவரியும் அதன்மீதான மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்த தொகைக்குக் குறைவாக மது விற்கவும் தடை உள்ளது.

கடைகளின் பெருக்கம்

ஒரு தெருவில் ஏற்கனவே பல மதுக்கடைகள் உள்ளன, இன்னொன்று தேவையில்லை என்பது மட்டும் உரிமத்தை மறுக்கப் போதிய காரணம் ஆகாது. கடைகளின் எண்ணிக்கையால் மேற்கூறிய நோக்கங்கள் பாதிக்கப்படுகின்றன எனச் சான்றுகளுடன் காட்டவேண்டும். இதற்காக மன்றங்கள் வெளியிடும் ஒட்டுமொத்தத் தாக்க மதிப்பீடு 2018 ஏப்ரலில் சட்டத் தகுதி பெற்றது.

ஸ்கொட்லாந்துடன் ஒப்பீடு

2005ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும் ஸ்கொட்லாந்தில் பொதுச் சுகாதாரமும் உரிம நோக்கங்களுள் ஒன்றாகும். அளவுக்கு மிஞ்சிய கடைகள் உள்ளன என்பதையே காரணமாகக் காட்டி அங்கு உரிமத்தை மறுக்கலாம். வெளியே கொண்டுசெல்லும் மதுவைக் காலை 10 மணி முதல் இரவு 10 மணி வரை மட்டுமே விற்கமுடியும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுச் சுகாதார அமைப்புகள் 2012 முதல் எதிர்ப்புத் தெரிவிக்கும் தகுதி பெற்றுள்ளபோதும், சுகாதாரம் ஒரு தனி நோக்கமாகச் சேர்க்கப்படவில்லை. ஆகவே ஒரு பகுதியில் மதுவால் நோயுறுவோர் மிகுதி என்ற தரவு மட்டும் அங்கு புதிய கடையைத் தடுக்கப் போதுமானதன்று.