கோயில் உள்ளே, பஜார் வெளியே: வேலூரோட மேப்பை வரைஞ்சது யாரு?

இன்னைக்குக் கேள்வி இதுதான்: ஒரு வியாபார ஊரோட மேப்பை யார் முடிவு பண்றாங்க? பழைய ஊர்கள் பலதுல, வழிபாட்டுத் தலம்தான்.

ஜெர்மனியில லூபெக்னு ஒரு துறைமுக ஊர். 13ஆம் நூற்றாண்டுல அங்க வணிகர்கள் மரியன்னை ஆலயத்தைச் சந்தையை ஒட்டியே எழுப்பினாங்க. பிஷப்போட பேராலயம் இருந்தது ஊரோட தென்கோடியில. நகர சபையோட முக்கிய ஆவணங்களைக்கூட வணிகர்களோட ஆலயத்துலதான் வச்சிருந்தாங்க. ஜெபம், சரக்கு, கையெழுத்து எல்லாமே கூப்பிடு தூரத்துல.

நம்ம மதுரையில அந்த வேலையைச் செஞ்சது தேர். மீனாட்சி கோயிலைச் சுத்தி சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதினு அடுக்கடுக்கா வீதிகள். தேர் ஓடணும், மூலையில திரும்பணும். அதுக்கு அகலம் வேணும். தேர் ஓடாத நாள்ல அந்த அகலம் வியாபாரத்துக்கு.

இப்போ வேலூர். விஜயநகர காலத்து ஜலகண்டேஸ்வரர் கோயில் கோட்டைக்குள்ள, அகழிக்கு உள்பக்கம் இருக்கு. கோட்டை கைமாறிக்கிட்டே இருந்ததுல வழிபாடு நின்னு போச்சு. சத்துவாச்சாரியில இருந்த லிங்கம் மறுபடி உள்ளே வந்தது 1981 மார்ச்லதான். அதுவரைக்கும் ஊர் காத்துக்கிட்டிருக்கல. லாங் பஜார் கோட்டைக்கு வெளியே வளர்ந்துடுச்சு. இன்னைக்கும் கோயிலைச் சுத்திக் கடைவீதி கிடையாது. மைதானம், மியூசியம், அரசு அலுவலகங்கள்தான்.

அப்போ வேலூரோட 'கோயில்' எது? என்னைக் கேட்டா, சிஎம்சி. 1900ல ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பிச்ச வைத்தியசாலை அது. இன்னைக்கு காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் போனா லாட்ஜ், மெடிக்கல் ஷாப், பெங்காலி போர்டு. வாரக்கணக்குல தங்குற குடும்பங்களுக்காகச் சமைச்சுக்க வசதி இருக்கிற ரூம்கள். லூபெக்ல நடந்த அதே கதைதான்: ஜனங்க திரும்பத் திரும்ப வந்தே ஆகவேண்டிய இடத்தைச் சுத்தி ஊர் சேரும்.

ஆனா ஒரு வித்தியாசம். மதுரையில தேருக்குன்னு அகலம் ஒதுக்கினாங்க. இங்க கூட்டம் வந்துடுச்சு, அகலம் வரல. ஆட்டோ, லோடு வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாம் ஒரே நெரிசல்ல நிக்குது.

2022ல சிஎம்சியோட புது வளாகம் ராணிப்பேட்டையில திறந்தாச்சு. கூட்டம் அங்கேயும் வரும், பின்னாடியே கடைகளும் வரும். லாட்ஜ் எழும்புறதுக்கு முன்னாடியே ஆம்புலன்ஸ் போற அகலத்தை ஒதுக்கி வைக்கணும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இருக்கிறவங்க இந்தக் கேள்வியை உங்க கவுன்சிலர்கிட்ட இப்பவே கேளுங்க. கட்டடம் வந்த பிறகு கேட்டா லேட்.