ஆங்கிலத்தில் அடித்துச் சொல்வது

கூட்டத்தில் ஒருவர் அழுத்தமாகப் பேசினால் "ஆணித்தரமாகப் பேசினார்" என்கிறோம். "வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று சொல்லிவிட்டார்" என்றும் சொல்வதுண்டு. அங்கே ஆணியும் இல்லை, வெட்டும் இல்லை. பேச்சின் வலுவைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் இத்தகைய தொடர்கள் உண்டு. பத்திரிகைகளிலும் அலுவலகக் கடிதங்களிலும் அவற்றைக் காணலாம்.

'ஹேமர் அண்ட் டோங்ஸ்' என்பதை எடுத்துக்கொள்வோம். சுத்தியலும் குறடும் என்பது இதன் நேர்பொருள். கொல்லன் பட்டறையிலிருந்து வந்த தொடர் இது. பழுக்கக் காய்ந்த இரும்பைக் குறட்டால் பிடித்துக்கொண்டு, அது ஆறுவதற்குள் ஓங்கி ஓங்கி அடிக்கிறான் அல்லவா? அந்த வேகத்தில் இருவர் மோதிக்கொண்டால் ஆங்கிலேயர் இப்படி எழுதுவார்கள். தொழிற்சங்கத் தலைவர் நிர்வாகியிடம் நியாயத்தை எடுத்துரைத்ததற்கு நாம் இதைப் போட்டால், அவர் மல்லுக்கு நின்றார் என்றே படிப்பவர் எண்ணுவார். 'ஆர்கியூட் ஃபோர்ஸ்ஃபுல்லி' என்றாலே போதும். 'வெஹமென்ட்லி' என்று எழுதினால் கொஞ்சம் சூடும் சேர்ந்துவிடும்.

'இன் நோ அன்சர்ட்டன் டெர்ம்ஸ்' என்ற தொடர்தான் பிள்ளைகளைத் தடுமாற வைக்கிறது. 'அன்சர்ட்டன்' என்றால் நிச்சயமில்லாதது. முன்னால் நிற்கும் 'நோ' அதையும் மறுத்துவிடுகிறது. ஆகவே, ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகச் சொன்னார் என்பதே பொருள். நம்முடைய 'வெட்டு ஒன்று துண்டு இரண்டு'தான்! வீட்டுக்கு வந்த கடிதத்தைப் படிக்கும் பிள்ளை, 'நிச்சயமில்லாமல் மறுத்திருக்கிறார்கள்' என்று அப்பாவிடம் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? முடிந்துபோன விஷயத்துக்கு அவர் மாதக்கணக்கில் காத்திருப்பார். மேல்முறையீட்டுக்கு உரிய நாளும் கடந்துவிடக்கூடும்.

'ஃபிளாட்லி ரெஃப்யூஸ்ட்' என்றால் அடியோடு மறுத்தார். சம்மதித்தார் என்பதோடு 'ஃபிளாட்லி' சேராது.

இனி, நாமே எழுதும்போது? சம்பளத்தில் காரணமில்லாத பிடித்தம் என்று வைத்துக்கொள்வோம். கோபத்தில் 'வெரி வெரி ஸ்ட்ராங்லி' என்று அடுக்கத் தோன்றும். நாமும் அப்படி எழுதியவர்கள்தாம்! ஆனால் கடிதத்தைப் படிக்கும் அதிகாரி தேடுவது எந்த மாதம், எவ்வளவு தொகை என்பதை. 'ஐ ஸ்ட்ராங்லி அப்ஜெக்ட் டு திஸ் டிடக்‌ஷன்' என்று ஒரே ஒருமுறை எழுதுங்கள். அடுத்த வரியிலேயே மாதத்தையும் தொகையையும் குறிப்பிட்டு, சம்பளச் சீட்டின் நகலை இணைத்துவிடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.