நாக்கை நம்பிய ஊர்

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மாடு வாங்க வருகிறவர் தாடையைப் பிடித்து வாயைத் திறந்துவிடுவார். எத்தனை பல், என்ன வயது என்பதெல்லாம் விற்பவர் வாய் திறப்பதற்கு முன்பே தெரிந்துபோகும். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து மனிதர்களின் பல்லும் அப்படித்தான் காட்டிக்கொடுத்தது. முன்பல்லில் காவிக் கறை குறுக்கே ஓடினால், பிழைக்கப் போன ஊரில் “தருமபுரி ஜில்லாவா?” என்று கேட்பார்கள். கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டம் ஆனது. அதுவரை போச்சம்பள்ளியும் தருமபுரிதான்.

பழியை வெற்றிலை மேல் போட்டார்கள், பல் துலக்காத சோம்பேறித்தனத்தின் மேல் போட்டார்கள். கறைக்குக் காரணம் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு. குழந்தைக்கு எட்டு வயது ஆவதற்குள், ஈறுக்குள் பல் உருவாகும்போதே கறையும் சேர்ந்து உருவாகிவிடுகிறது. எந்தப் பற்பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. அதே தண்ணீரைப் பல வருஷம் குடித்தால் எலும்பிலும் ஏறும். முதுகு விறைக்கும், முட்டி மடங்காது, சில குழந்தைகளுக்குக் கால் வளையும். இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தின் இயக்குநராக இருந்த ஹென்றி ஷார்ட்டும் அவருடைய சகாக்களும், அன்றைய மதராஸ் ராஜதானியின் நெல்லூர் ஜில்லாவில் இந்த நோயைக் கண்டு 1937இலேயே எழுதிவிட்டார்கள். எழுதியது நம் கிணற்றடிக்கு வந்து சேரத்தான் அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

அன்றைக்குத் தண்ணீரைச் சோதித்தது நாக்கும் அடுப்பும்தான். கரித்தால் உப்புத் தண்ணி, துணி துவைக்க. பருப்பு குழைய வெந்து, சோப்பு நுரைத்தால் நல்ல தண்ணி, குடிக்க. இதில் ஒரு கொடுமை உண்டு. பாறையில் இருக்கும் ஃபுளோரைடு, சுண்ணாம்புச் சத்து குறைந்த, சோடியம் மிகுந்த தண்ணீரில்தான் எளிதாகக் கரைந்து தங்குகிறது. அப்படிப்பட்ட தண்ணீர்தான் மென்மையானது. நுரைப்பதும் பருப்பை வேகவைப்பதும் அதுதான். ஆகவே பல இடங்களில் வீட்டுச் சோதனையில் தேறியது கெட்ட தண்ணீர். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தவர்களுக்கு இன்னொரு அடி: காய்ச்சினால் நீர் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும், அடர்த்தி கூடும்.

சேந்து கிணறுகள் இருந்தவரை நிலைமை கொஞ்சம் தேவலை. ஏரி நிறைந்தால் கிணறு ஊறும், மழைத் தண்ணீர் கலக்கும். பிறகு கிணறுகள் வற்றின, திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் வந்தன. நூறடி, முந்நூறடி, அதற்கும் கீழே. ஆழத்தில் கருங்கல் வெடிப்புகளுக்குள் வருஷக்கணக்கில் பாறையோடு உரசிக்கிடந்த தண்ணீர் மேலே வந்தது. தாகம் தீர்க்க அரசு நட்டுக்கொடுத்த அடிபம்பே பல கிராமங்களில் நோயையும் சேர்த்து இறைத்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாத தப்பு என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. நெல்லூர் ஆய்வு அப்போதே நூலகங்களில் இருந்தது.

தீர்வு காவிரியிலிருந்து வந்தது, சண்டையோடு வந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று கர்நாடகம் 1998இல் ஒத்துக்கொண்டிருந்தது. 2008 பிப்ரவரியில் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டியதும், அங்கே தேர்தல் நெருங்கிய நேரத்தில் அது எல்லைத் தகராறு ஆனது. சென்னையில் திரையுலகம் உண்ணாவிரதம் இருந்தது. முழங்கால் மடங்காத ஒரு கிழவியின் பிரச்சினை இரண்டு மாநிலங்களின் மானப் பிரச்சினையாக மாறிய வாரங்கள் அவை. ஜப்பான் நிறுவனமான ஜைக்காவின் கடனோடு, சுமார் 1,900 கோடி ரூபாயில் முடிந்த திட்டத்தை 2013 மே மாதம் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அந்த வருஷம் பிறந்த குழந்தைகளுக்கு இப்போது நிரந்தரப் பல் முளைத்துவிட்டது.

இன்று போச்சம்பள்ளிப் பக்கம் தண்ணீர் என்றால் மூன்று: ஒகேனக்கல் தண்ணி, போர் தண்ணி, கேன் தண்ணி. ஒகேனக்கல் வராத நாளில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீர் ஏறும். சில இடங்களில் இரண்டும் கலந்தே இறங்கும். கலந்த பிறகு ஒரு லிட்டரில் எவ்வளவு ஃபுளோரைடு? இந்தியத் தர அளவு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. நம் தெருக் குழாயில் இன்று எவ்வளவு என்று கேட்டால், அன்றைய கிணற்றடிப் பதில்தான் வருகிறது: “நல்லாத்தான் இருக்கு, குடிச்சுப் பாருங்க.”

அதே ஊர் எல்லையில் சிப்காட் வளாகம். 2021 கடைசியிலிருந்து ஓலாவின் மின்சார ஸ்கூட்டர்கள் இங்கிருந்துதான் வெளியேறுகின்றன. பெயிண்ட் அடிக்கிற, கொதிகலன் ஓட்டுகிற எந்த ஆலையும் தன் தண்ணீரை அளக்காமல் உள்ளே விடாது. கடினத்தன்மை கொஞ்சம் கூடினாலும் எந்திரம் கெட்டுவிடும். ஆலைத் தண்ணீருக்கும் மக்கள் குடிக்கிற தண்ணீருக்கும் உள்ள இந்த வேறுபாடு, அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தில் நாடகம் போல அரங்கேறியது. செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் நகரக் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்குள் போனது. இந்தத் தண்ணீர் எந்திரப் பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அதே வருஷம் அக்டோபரில் வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. மக்கள் இன்னும் ஒரு வருஷம் குடித்தார்கள். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதை மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் 2015இல் எடுத்துக்காட்டியபோதும் அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள். நஷ்டஈடு 60 கோடி டாலரைத் தாண்டியது.

ஈயம் நமக்குத் தூரத்துச் சொந்தம் இல்லை. ஓசூருக்குப் பக்கத்தில் பாலிகானப்பள்ளியில் சாந்தி பவன் பள்ளியைத் தொடங்கிய ஆபிரகாம் ஜார்ஜின் அறக்கட்டளைதான், 1990களின் இறுதியில் சென்னை, பெங்களூரு உள்ளிட்ட நகரங்களில் ரத்தம் எடுத்து, பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் ஈயம் மிகுந்திருப்பதைச் சொன்னது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் ஒழிந்ததில் அந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. ஆனால் நம் தெருக்களில் புதைத்த பி.வி.சி. குழாய்கள் சூட்டில் கெடாமலிருக்க அவற்றிலும் ஈயச் சேர்மம்தான் சேர்த்துவந்தார்கள். அதை விலக்க ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது 2021இல். அதற்கு முன் புதைத்தவை புதைத்தபடிதான் இருக்கின்றன. குடிநீரில் ஈயத்துக்கான இந்திய வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், ஃபுளோரைடுக்குக் கொடுத்த சலுகை இதற்குக் கிடையாது.

ஆற்றையும் சொல்லாமல் விட முடியாது. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவைச் சுமந்து கெலவரப்பள்ளி அணையில் நுரைதள்ளி, கே.ஆர்.பி. அணை தாண்டி, நெடுங்கல் அணைக்கட்டு வழியாகப் பாரூர் ஏரிக்கு வருகிறது. போச்சம்பள்ளி வயல்களுக்குப் பாயும் தண்ணீர் அது. அந்த ஆற்றோடு சேரும் பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் சேற்றில் ஈயம் உள்ளிட்ட உலோகங்கள் இருப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. நுரை கண்ணுக்குத் தெரிவதால் செய்தியாகிறது. உலோகம் நுரைப்பதில்லை.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஊர் பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கும் பெட்டி கொடுத்துப் பழக்கினார்கள். நல்ல காரியம், நிறம் மாறுவதை அட்டையோடு ஒப்பிட்டால் ஃபுளோரைடு சில நிமிஷத்தில் தெரியும். ஈயத்தை அந்தப் பெட்டி சொல்லாது, மாதிரியை ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அனுப்பச் சொல்லிக் கேட்பதற்கு இடமும் இருக்கிறது: 2022இலிருந்து மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் தமிழ்நாட்டில் கிராமசபை கூடுகிறது. அங்கே வழக்கமாக எழும் கேள்வி, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்பது. அதில் என்ன கலந்து வருகிறது, போன மாதச் சோதனைத் தாள் எங்கே என்று இரண்டு பேர் எழுந்து கேட்டால், தீர்மான நோட்டில் அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.